எல்லாப் பிள்ளைகளுக்குமான பால்வாடி

பல்லடம் பக்கம் ஒரு கிராமத்து அங்கன்வாடியில் நான் டீச்சர். ஊரில் இன்றைக்கும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள். ஒரு பக்கம் தறிக்குடோன்கள். இன்னொரு பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் லைன் வீடுகள். ரோட்டுக்கு அந்தப்புறம் காலனி. சுற்றிலும் தோட்டத்துச் சாளைகளில் விவசாயக் குடும்பங்கள். இந்த நாலு இடத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருவது ஊரிலேயே எங்கள் மையத்தில் மட்டும்தான். அதனால்தான் இந்த வேலையை நான் பெரிதாக நினைக்கிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் டீச்சர்கள் பயிற்சியிலோ மாதக் கூட்டத்திலோ என்னைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாதிரிப் பிள்ளைகளை எப்படிக்கா சமாளிக்கறீங்க?" என்று கேட்பார்கள். காது கேட்காத பிள்ளை, உட்கார முடியாத பிள்ளை, தமிழ் தெரியாத பிள்ளை, கடிக்கிற பிள்ளை, வாயே திறக்காத பிள்ளை எல்லாம் அந்த 'மாதிரி'யில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு வழி இருக்கும், அதைச் சொல்லிக் கொடுத்தால் போதும் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் எல்லாருக்கும் ஒன்றுதான் சொல்வேன். ஒரு பிள்ளைக்கு நம் இடம் ஒத்துவரவில்லை என்றால், பிள்ளையைத் திருத்தக் கிளம்பாமல் கொஞ்ச நாள் கவனியுங்கள். அப்புறம் நம் அறையில், நம் நேர ஒழுங்கில், நம் பேச்சில் எதை மாற்றலாம் என்று பாருங்கள்.

கடிக்கிற பிள்ளையிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் டீச்சர்களை அதிகம் அழவைப்பது அதுதான். இரண்டரை வயதுப் பையன் ஒருவன், பக்கத்தில் யார் வந்தாலும் கையைப் பிடித்துக் கடித்துவிடுவான். மற்ற அம்மாக்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். "திருப்பி ஒரு கடி கடிச்சு விடுங்க டீச்சர், வலி தெரிஞ்சா விட்டுருவான்" என்று ஒரு பாட்டி யோசனை சொன்னார். நானும் ஆயாவும் அவன் கடிக்கும் நேரத்தை எல்லாம் சுவர்க் காலண்டரில் குறித்துவைத்தோம். பார்த்தால் முக்கால்வாசி பதினொன்றரை மணிக்கு மேல், சாப்பாட்டுக்குக் கை கழுவ வரிசையில் நெருக்கி நிற்கும்போது. அவன் அம்மா தறிக்குப் போகிறவர். விடிந்ததும் விடியாததுமாக டீயும் வர்க்கியும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வயிற்றில் பசி, முன்னும் பின்னும் இடி, சொல்ல வாயில் சொல் இல்லை. அவன் என்னதான் செய்வான்?

சத்துமாவு உருண்டையைக் கொடுக்கும் நேரத்தை முன்னால் கொண்டுவந்தோம். வரிசையை எடுத்துவிட்டோம். இரண்டிரண்டு பேராக ஆயா கூப்பிட்டுக் கை கழுவ விடுவார், மற்றவர்கள் பாயில் என்னோடு பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். அவனுக்குக் கையை முன்னால் நீட்டி 'வேண்டாம்' என்று சொல்லப் பழக்கினோம். வார்த்தை வர நாளானாலும் கை முதலில் வந்துவிட்டது. மாதம் போகப் போகக் கடி நின்றது. வரிசையை எடுத்ததில் இன்னொரு நன்மை, தள்ளுமுள்ளில் விழுந்து அழும் சின்னப் பிள்ளைகளின் அழுகையும் போனது. இந்த இடத்தில் ஒரு நடைமுறை விஷயம். ஒரு பிள்ளை கடித்தவுடன் நாம் கடித்தவனிடம் ஓடிப்போய்க் கத்துகிறோம். முதலில் கடிபட்ட பிள்ளையைத் தூக்குங்கள். கடித்தவனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். வலித்தவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அவன் அங்கேதான் கற்றுக்கொள்கிறான்.

ஜூன் மாத அழுகைக்கும் இதே கதைதான். பிள்ளை பொம்மையைப் பார்க்கும்போது அம்மா பின்வாசலில் நழுவிப் போவது எங்கள் ஊர் வழக்கம். போகும்போது அழாது, உண்மைதான். ஆனால் மறுநாள் வாசலிலேயே சேலையைப் பிடித்துக்கொண்டு விடாது, எந்த நேரத்தில் காணாமல் போவார்களோ என்ற பயம் வந்துவிடும். எங்கள் மையத்தில் நழுவிப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டோம். "அம்மா போயிட்டு வர்றேன் சாமி" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அழுதால் அழட்டும், நாங்கள் மடியில் வைத்துக்கொள்கிறோம். அம்மிச்சியோ அப்பத்தாவோ வர முடிந்தால் முதல் சில நாட்கள் பின்னால் உட்கார விடுகிறோம். மூன்று வயதுப் பிள்ளைக்கு மணி தெரியாது. 'மூணு மணிக்கு வருவாங்க' என்பதில் அதற்கு எந்த ஆறுதலும் இல்லை. 'சாப்பிட்டு, தூங்கி எழுந்து, முகம் கழுவினதும் அம்மிச்சி வருவாங்க' என்று சொன்னால் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு காத்திருக்கும். அதற்காகவே நாளின் வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டினோம். பாய், உருண்டை, பந்து, தட்டு, தலையணை, கேட். பேசத் தெரியாத பிள்ளைகளும், தமிழ் தெரியாத பிள்ளைகளும் அந்தச் சுவரைத்தான் முதலில் படித்தார்கள்.

அடுத்தது, எனக்கு மனதில் அப்படியே நிற்கும் ஒரு பையன். மூன்று வயதில் சேர்ந்தான். வீட்டில் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'சொன்ன பேச்சு கேக்காதவன்'. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆட்டத்தின் நடுவே எழுந்து போய்விடுவான், பேச்சு நாலைந்து சொல்தான். ஆனால் நான் எதிரே நின்று கையைக் காட்டிச் சொன்னால் எல்லாருக்கும் முன்னால் செய்வான். அந்த வித்தியாசம்தான் உறுத்தியது. ஒருநாள் அவன் மும்முரமாகக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஆயாவை ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடச் சொன்னேன். அறையில் அத்தனை பிள்ளைகளும் திரும்பினார்கள். அவன் அடுத்த கட்டையை எடுத்து வைத்தான்.

அவன் அம்மாவிடம் சொல்வதற்கு ஆயாவும் நானும் அவர்கள் வீட்டுக்கே போனோம். பத்துப் பேர் நிற்கும் வாசலில் சொல்கிற விஷயமல்ல அது. 'உங்கள் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை' என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது, நான் டாக்டர் இல்லை. பார்த்ததைச் சொன்னேன். "பின்னாடி சத்தம் வந்தா திரும்பறதில்லைங்க, எதிர்ல நின்னா நல்லாப் புரிஞ்சுக்கறான். ஒருக்கா டெஸ்ட் எடுத்துப் பாத்தரலாம்ங்க." இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் காதில் ஏறும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர்கள் குழு ஒன்று வேனில் வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். பலருக்கு எடை, உயரம் பார்ப்பதோடு அந்த வருகை முடிந்துவிடுகிறது. நாம் முன்கூட்டியே சந்தேகமுள்ள பிள்ளைகளின் பெயரையும் பார்த்ததையும் எழுதி வைத்திருந்தால், அவர்களும் நின்று பார்ப்பார்கள். அந்தக் குழுதான் சீட்டு எழுதி, டி.இ.ஐ.சி. என்று சொல்லும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பியது. பெரா டெஸ்ட் எடுத்தார்கள். பிள்ளை தூங்கும்போது எடுப்பது, காதில் விழும் சத்தம் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போய்ச் சேர்கிறதா என்று காட்டும். அதனால் முந்தின ராத்திரி பிள்ளையைத் தாமதமாகத் தூங்க வைக்கச் சொல்வார்கள். இது தெரியாமல் நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், டெஸ்ட் எடுக்க முடியாமல் திரும்பி வரும் குடும்பங்கள் உண்டு. ஒருநாள் கூலி போய்விடும், அடுத்த தடவை போக மாட்டார்கள்.

அவனுக்கு இரண்டு காதுக்கும் கருவி வைத்தார்கள். கருவியால் போதாத பிள்ளைகளுக்கு ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில், உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் செய்கிறார்கள். ஆறு வயது என்பது பெரிய கெடு மாதிரி தெரியும். ஆனால் மூளை பேச்சைப் பழகும் காலம் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருக்கிறது. 'அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று வீட்டில் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அதில் கழிகிறது. பால்வாடி டீச்சர் வாய் திறக்க வேண்டிய இடம் இதுதான்.

கருவி வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. கருவி எல்லாச் சத்தத்தையும் கூட்டும், பேச்சை மட்டும் பிரித்துக் கொடுக்காது. எங்கள் அறையில் ஃபேன் ஒன்று கடகடவென்று ஓடும். கதை சொல்லும் நேரம் அதை நிறுத்தினோம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நான் உட்கார்ந்தால் என் முகம் இருட்டாகத் தெரியும், வாயசைவு தெரியாது. அதனால் வெளிச்சம் என் முகத்தில் விழும்படி எதிர்ப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். பேசும் முன் அவன் தோளைத் தொட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னோம். தண்ணீர், சாப்பாடு, ஒண்ணுக்கு, போதும், இன்னும் வேண்டும் எல்லாவற்றுக்கும் கை ஜாடை வைத்தோம். எல்லாரும் ஜாடையோடுதான் பேசினோம், அவனுக்கு மட்டும் என்று இல்லை. குளிர்காலத்தில் மூக்கொழுகி, காது அடைத்து, பாதி கேட்டும் கேட்காமலும் உட்கார்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் இது எவ்வளவு உதவியது என்பதைக் கூடவே இருந்து பார்த்தேன்.

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு பெண்பிள்ளை வந்தபோது, 'நாற்காலியில் ஓரமாக உட்காரட்டும்' என்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றிய யோசனை. ஆனால் மற்றவர்கள் தரையில், அவள் மட்டும் உயரத்தில் என்றால் ஆட்டம் முழுக்க அவள் காலடியில் நடக்கும். பிசியோதெரபிஸ்ட் அளவு எடுத்துக் கொடுக்க, ஊர் ஆசாரி தரையோடு தரையாக வைக்கிற மாதிரி மூலை நாற்காலி ஒன்று செய்து கொடுத்தார். முதுகுக்கு இரண்டு பலகை, சுவர் மூலை போல. கால் பின்னிக்கொள்ளாமல் நடுவில் ஒரு சின்னக் கட்டை, முன்னால் வைத்து எடுக்கிற பலகை. இப்போது அவள் கண்ணும் மற்றவர்கள் கண்ணும் ஒரே உயரம். வட்டத்தில் அவளுக்கு இருபுறமும் பிள்ளைகள்.

சாப்பாட்டில் மிகுந்த கவனம் வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளை மடியில் மல்லாத்திப் படுக்கவைத்து ஊட்டுவது பல வீடுகளில் வழக்கம். அது ஆபத்து, சாப்பாடு மூச்சுக்குழாயில் போய்விடும். நிமிர்ந்து உட்கார வைத்து, தலை பின்னால் சாயாமல், தாடை கொஞ்சம் கீழே இருக்கும்படி, சின்னச் சின்ன வாயாக, ஒரு வாய் இறங்கினதும் அடுத்த வாய். முட்டையைக் குழைத்துச் சோற்றோடு கொடுப்போம். நேரம் ஆகும். ஆயா ஒருவரே சமைத்து, கழுவி, இதையும் பார்க்க வேண்டும். இரண்டே பேரை வைத்துக்கொண்டு பதிவேடு, செல்போன் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை எல்லாம் தலையில் கட்டினால் பிள்ளைக்கு ஊட்டும் அந்த அரைமணி நேரம் எங்கிருந்து வரும்? கூட்டங்களில் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல், பிள்ளையை அன்பாகப் பாருங்கள் என்று மட்டும் சொல்வது நியாயமே இல்லை.

லைன் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து பல வாரம் வாயே திறக்கவில்லை. ஊமையோ என்று ஆயா கவலைப்பட்டார். புது மொழிக்குள் வரும் சின்னப் பிள்ளைகள் பலர் இப்படித்தான். மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பார்கள், உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். 'சொல்லு, சொல்லு' என்று முன்னால் நிறுத்தினால் இன்னும் சுருங்கிப்போவார்கள். நாங்கள் அவன் பக்கம் கொஞ்சம் நகர்ந்தோம். அவன் அம்மாவைக் கேட்டு அவசரத்துக்கு வேண்டிய சொற்களைச் சுவரில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டோம். பாணி என்றால் தண்ணீர், போவு என்றால் அம்மா. முட்டை எண்ணும்போது ஒரு தரம் தமிழில், ஒரு தரம் 'ஏக, துயி, தினி, சாரி, பாஞ்ச' என்று எண்ணினோம். அதைக் கேட்டதும் அவன் எழுந்து நின்றுவிட்டான்! ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு விதமாகவும் எண்ணப் பழகிவிட்டார்கள். பிள்ளைக்கு ஆதார் இல்லை, ரேஷன் கார்டு வேறு மாநிலம் என்று யாரும் இவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. பிள்ளை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் மையத்தில் முட்டையும் படிப்பும் அதற்கு உண்டு. வீட்டில் அவன் மொழியை விட்டுவிடச் சொல்லவும் கூடாது. அம்மாவோடு பேசும் மொழி நன்றாக இருக்கிற பிள்ளைதான் அடுத்த மொழியையும் நன்றாகப் பிடிக்கிறது.

ஜாதியைப் பேசாமல் எங்கள் பக்கத்தில் 'எல்லாரும் ஒன்று' என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. "டீச்சர், எம்புள்ளைய அவங்க பக்கத்துல உக்கார வெக்காதீங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்கள் இன்றும் உண்டு. "இங்க எங்க உக்காரணும்னு பிள்ளைங்கதானுங்க்கா முடிவு பண்றாங்க, நான் மாத்த மாட்டேன்" என்று அதே மெல்லிய குரலில் பதில் சொல்வேன். சண்டை போடுவதில்லை, இறங்கிப் போவதும் இல்லை. தட்டு எல்லாம் ஒரே மாதிரி, யாருக்கும் தனித் தட்டு கிடையாது. நானும் அதே வட்டத்தில் உட்கார்ந்து அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு யார் தொடலாம் யார் தொடக்கூடாது என்பது தெரியாது. அதைக் கற்றுக்கொடுக்கும் இடமாக நம் மையம் இருந்துவிடக் கூடாது.

பேச்சிலும் இதே கவனம் வேண்டும். 'அது மந்தம்', 'இது சுட்டி', 'அவன் ஒரு மாதிரி', 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று பிள்ளைகளின் தலைக்கு மேலே நாம் பேசிக்கொள்கிறோம். அவர்களுக்கு எல்லாம் கேட்கிறது.

சத்தம் தாங்காத பிள்ளைகளுக்காக மேசைக்கு அடியில் பழைய சேலையைக் கட்டி ஒரு மறைவிடம் செய்தோம். உள்ளே ஒரு தலையணை, இரண்டு துணிப் பொம்மை. பாட்டு தொடங்கினால் காதைப் பொத்திக்கொள்ளும் பையன் ஒருவனுக்காகச் செய்தது. இப்போது தூக்கம் வருகிறவர்கள், கோபம் வந்தவர்கள், அம்மா நினைப்பு வந்தவர்கள் எல்லாரும் போய் உட்காருகிறார்கள். தண்டனையாக யாரையும் அங்கே அனுப்புவதில்லை என்பது மட்டும் கண்டிப்பு.

பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எப்பத்தான் டீச்சர் ஏ பி சி டி எழுத வெப்பீங்க?" பக்கத்தில் வேன் வரும் நர்சரிப் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளை நோட்டு நிறைய எழுதுகிறது. அவர்கள் ஆதங்கம் புரிகிறது. நான் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்டுவேன். இந்த வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது, விரலில் வலு வராது. களிமண் உருட்டுவது, மணி கோப்பது, மணலில் விரலால் கோலம் இழுப்பது எல்லாம் எழுத்துக்கு முந்தின வேலை. அரசு கொடுத்திருக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டமும் மாதத்துக்கு ஒரு பொருளை வைத்து விளையாட்டும் பாட்டும் கதையுமாகத்தான் போகிறது. புளியங்கொட்டை, மணி எல்லாம் மூன்று வயதுக்கு மேல் மட்டும், நம் கண் முன்னால் மட்டும். சின்னதுகள் வாயில் போட்டுவிடும்.

இரண்டு வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் இருப்பதைப் பலர் குறையாகச் சொல்கிறார்கள். இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய சாட்சி உண்டு. 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கியிருந்தபோது, வயது வித்தியாசமான பிள்ளைகளை ஒன்றாக வைத்துத்தான் வேலை செய்தார். எங்கள் மையத்தில் மூலை நாற்காலிப் பிள்ளைக்கு வண்ணக் கட்டியை எடுத்துக் கையில் கொடுப்பது ஐந்து வயதுக்காரிதான். எந்தக் கை நன்றாகப் பிடிக்கும் என்பது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

சட்டத்தைப் பற்றி ஒரு வருத்தம். 1975 அக்டோபர் 2ஆம் தேதி, 33 வட்டாரங்களில் தொடங்கியது இந்த அங்கன்வாடித் திட்டம், ஐம்பது வருடம் ஆகிவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை உரிமையாகச் சொல்வதும் ஆறிலிருந்து பதினெட்டு வரைதான். ஆறுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு, அரசு முயல வேண்டும் என்று அரசமைப்பின் 45ஆம் பிரிவு சொல்வதோடு சரி. மாற்றுத்திறன் பிள்ளைகளை அங்கன்வாடியில் எப்படிக் கண்டறிந்து, எப்படிச் சேர்த்து, எங்கே அனுப்புவது என்று ஒன்றிய அரசு 2023 நவம்பரில் ஒரு நெறிமுறை வெளியிட்டது, நல்ல விஷயம். அதோடு இன்னொரு ஆளையும் கொடுத்தால்தான் அது அறைக்குள் நடக்கும்.

கடைசியாக ஒரு நோட்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, புதிதாக எதைச் செய்தாலும் ஒரு வரி எழுதுவேன். 'தானாகச் செருப்பு மாட்டினான்.' 'ஜாடையில் தண்ணீர் கேட்டாள்.' 'முட்டையைப் பக்கத்துப் பிள்ளைக்குப் பிட்டுக் கொடுத்தான்.' வராததை எழுதுவதில்லை, வந்ததை மட்டும். அம்மாக்கள் கூட்டத்தில் அதை வாசித்துக் காட்டுவேன். எப்போதும் குறையே கேட்டுப் பழகிய அம்மாக்கள் அதற்காகவே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வருகிறார்கள்.

ஒன்றாம் வகுப்புக்குப் போகும்போது அந்தப் பக்கங்களை நகலெடுத்துப் பெற்றோர் சம்மதத்தோடு பள்ளி டீச்சரிடம் கொடுக்கிறேன். ஏப்ரலிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப் போய் வகுப்பறை, கழிவறை, தண்ணீர்க் குழாய் மூன்றையும் காட்டிவிட வேண்டும். காதுக் கருவிப் பையன் போனபோது டீச்சரிடம் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் முன்பெஞ்சு, பேசும் முன் தோளில் ஒரு தொடுதல், கருவிக்கு மாற்று பேட்டரி இரண்டு பையின் முன்அறையில், மழையில் நனைந்தால் உடனே கழற்றித் துடைக்க வேண்டும், கட்டை அடுக்கும் வேலை எது கொடுத்தாலும் வகுப்பிலேயே முதல் ஆளாக முடிப்பான்.